ஈசானிய மூலையில் ஒரு நாக்கு

கருக்கம்பாளையம் சாயப்பேட்டையில் மனை வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் திசை கேட்பதில்லை, சதுர அடி கேட்பதில்லை. காரை விட்டு இறங்கும் முன்பே கண்ணாடி வழியாகக் கேட்டைப் பார்க்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்தால் இறங்குவார்கள். சிவப்பு எரிந்தால் டிரைவர் தோளைத் தட்டுவார்கள், வண்டி அடுத்த கேட்டுக்குப் போய்விடும்.

யுவராணியின் கேட்டில் சிவப்பு எரிந்தது. வண்டிகள் தன் வாசலில் வேகம் குறைத்து, பிறகு வேகம் எடுப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது. ஆரம்பத்தில் எழுந்து நின்றாள். இப்போது நாற்காலியை விட்டு அசைவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த நாக்கு. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம், வைத்தவர்களுக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். ஆள் உயரக் குழாய் ஒன்று, அதற்குள் இதற்கென்றே வளர்த்த நுண்ணுயிர்கள். மண்ணுக்குள் இறக்கிவிட்டால் சுற்றியுள்ள ஈரத்தை அவை ராப்பகலாக ருசித்துக்கொண்டே இருக்கும். சாயக்கழிவோ உலோகமோ தட்டுப்பட்டால் அடுத்த நொடி கேட் விளக்குக்குச் சேதி போய்விடும். மனைக்கு ஒரு நாக்கு என்பது சட்டம். பிடுங்கினால் ஜெயில்.

நாக்கு வந்தபோது பேட்டையில் சாயமே இல்லை. தண்ணீரே தொடாமல் துணிக்கு நிறம் ஏற்றும் இயந்திரங்கள் வந்து, சாயத் தொட்டிகள் எல்லாம் பல்லி முட்டையிடும் இடமாகிவிட்டன. மிஞ்சியது நிலம் மட்டும்தான். ஊர் வளர்ந்து பேட்டையைச் சூழ்ந்துகொண்டதால் அந்த நிலத்துக்கு நல்ல கிராக்கி. பச்சை மனைக்காரர்கள் கேட்ட விலைக்கு விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் வில்லா வாங்கினார்கள். சிவப்பு மனையை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, அதன்மேல் வீடு கட்ட முடியாது. போதாக்குறைக்கு விளக்கின் கீழ் ஒரு தகடு வேறு. 'மண் கெடுத்தவர்' என்று போட்டு உரிமையாளர் பெயர்.

அந்தத் தகட்டில் இருந்தது அவள் கணவர் சபரிநாதனின் பெயர். மனிதர் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன, தகடு இறக்கவில்லை.

"ஒரு சொட்டு வெளிய விட்டதில்ல ராணி. நாக்கு பொய் சொல்லுது" என்று கடைசிவரை சொன்னார். அவள் நம்பினாள். கழிவையெல்லாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரி வைத்து அனுப்பியவர், லாபத்தில் பாதி அதிலேயே போயிற்று. பக்கத்துக்காரர்கள் புது கார் வாங்கியபோது இவர் பழைய பைக்கிலேயே போய்வந்தார். அப்படிப்பட்டவர் பெயர் சிவப்பு விளக்கின் கீழ் தொங்குவதை அவளால் தாங்க முடியவில்லை. மனை விற்றால் நல்லதுதான். விற்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தகடு இறங்கினால் போதும் என்று இருந்தாள்.

பேட்டையில் சிவப்பு வீடுகளில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. வந்தவர் கையில் முதலில் சொம்பைக் கொடுப்பதுதான் அந்தப் பக்கத்து மரியாதை, அதை வாங்கி ஒரு வாயாவது குடிப்பது வந்தவர் மரியாதை. நாக்கு வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே பதில்தான், 'இப்பத்தான் குடிச்சுட்டு வந்தனுங்க.' குழாய்த் தண்ணீர் எங்கோ அணையிலிருந்து வருகிறது, மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் குடிப்பதில்லை.

மேற்கே அடுத்த மனை தரணிதரனுடையது. அங்கேயும் சிவப்புதான். தரணியின் மனைவி லாவண்யாவும் யுவராணியும் ஒரு காலத்தில் இட்லி மாவுக் கிண்ணம் மாற்றிக்கொண்டவர்கள். "அவிய ஊட்டுல தண்ணி வாங்காத" என்று சபரிநாதன் ஒருநாள் சொல்லிவிட்டார். நம் சிவப்பு பொய், அவர்கள் சிவப்பு நிஜம் என்பது அவள் கணக்கு. லாவண்யா சொம்பை நீட்டும்போதெல்லாம் யுவராணியும் இப்பத்தான் குடித்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திவிட்டாள்.

தரணிக்கும் மேற்கே, வரிசையின் கடைசியில் சரவணகுமார். அவன் வைத்திருந்தது அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனி, சாயத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத தொழில். அவன் கேட்டிலும் சிவப்பு எரிந்தது. ராத்திரியில் ரகசியமாகச் சாயம் போட்டிருப்பான் என்று பேட்டை முடிவு கட்டிவிட்டது. ஊர் ஒன்றை முடிவு கட்டினால் அப்புறம் யோசிக்கிற வழக்கம் கிடையாது. பாவம், அவன் மனையில் பழைய டயர்களை அடுக்கி வாடகை வாங்கிக்கொண்டிருந்தான்.

கிழக்கே, சாலையை ஒட்டிய மூலை மனைதான் பேட்டையின் செல்லப்பிள்ளை. முதல் நாளிலிருந்தே பச்சை. அதை வைத்திருந்த ஜெயசூர்யா பசுமை விருது வாங்கி, மாலை போட்டுப் படம் எடுத்து, நல்ல விலைக்கு ஒரு பில்டரிடம் விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டான். பில்டர் அங்கே அடுக்குமாடி கட்ட அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். அங்கேதான் இந்தக் கதை திரும்புகிறது.

அன்று காலை, பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த யுவராணி காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் குவிந்த மண்ணைப் பார்த்தாள். முதலில் பழுப்பு, பிறகு ஊதா, அதன்பின் பச்சையும் நீலமுமாக இயந்திரம் அள்ளி அள்ளிப் போட்டது. சுவரில் எக்கிப் பார்த்தாள், குழியில் கத்திரிப்பூ நிறத்தில் தண்ணீர் ஊறி நின்றது. அந்த நிறம் அவளுக்குப் பழக்கமானது, ஏற்றுமதி பனியனுக்கு ஒரு காலத்தில் ஓயாமல் போட்ட நிறம். குழியின் விளிம்பிலிருந்து கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம், அவள் மனையின் நாக்கு நின்றது.

துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு மண் அதிகாரிக்குப் போன் பண்ணினாள்.

மண் அதிகாரி மகிழினி நாகப்பட்டினத்துப் பெண், பணிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"அந்த கேட்ல பச்சைதானே எரியுது?"

"பச்சையேதானுங்க. மாலை போட்ட பச்சை."

"நாக்கை இந்த இடத்துல இறக்கச் சொன்னது யாரும்மா?"

"எங்க ஊட்டுக்காரருதானுங்க. அவரு மட்டுமில்ல, இந்த வரிசையில அத்தன பேரும் இதே மூலையிலதான் எறக்கினாங்க."

"எல்லாருமா? எதுக்கு?"

"ஈசானிய மூலைங்கம்மா! வடகெழக்கு. மண்ணத் தோண்டறதுன்னா மொதல் கடப்பாரை அங்கதானுங்க விழோணும். ஐயரக் கூப்பிட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து வெச்சு, நல்ல நேரம் பாத்து எறக்கினோம். உங்க ஆபீஸ் ஆளுக்கும் வேட்டி துண்டு வெச்சுக் குடுத்தோம்."

மகிழினிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "சட்டத்துல 'உரிமையாளருக்கு வசதியான இடம்'னுதான் போட்டிருக்கு. எழுதினவங்க டெல்லியில உக்காந்து எழுதினாங்க. சரி, கழிவுத் தண்ணியெல்லாம் எந்தப் பக்கம் விடுவீங்க?"

"அழுக்குத் தண்ணின்னா வாயு மூலைங்க. வடமேக்கு. பாய்லரு அக்கினி மூலை, ஆபீஸ் ரூமு கன்னி மூலை, தென்மேக்கு. ஈசானியத்துல மட்டும் ஒரு சொட்டு அழுக்கு படக்கூடாது, வம்சத்துக்கே ஆகாது."

"இதுவும் எல்லா மனையிலயுமா?"

"பின்ன? வாஸ்து என்ன ஆளுக்கொண்ணுங்களா?"

மகிழினி ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கட்டம் போட்டாள். பக்கத்தில் இன்னொரு கட்டம். ஒவ்வொன்றிலும் வடகிழக்கில் ஒரு புள்ளி, வடமேற்கில் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவது கட்டத்தின் பெருக்கல் குறியைப் போட்ட குச்சி, முதல் கட்டத்தின் புள்ளிக்குப் பக்கத்திலேயே நின்றது.

"நாக்கு பத்தடிக்கு மேல ருசிக்காதும்மா" என்றாள் மெதுவாக. "இத்தனை வருஷமா அது உங்க மண்ணை ருசிக்கவே இல்ல. கிழக்கால மனையோட வாயு மூலையைத்தான் ருசிச்சிருக்கு. அந்த மனையோட நாக்குக்குப் பக்கத்துல இருக்கறது வெறும் ரோடு. அதான் அங்க பச்சை."

யுவராணிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தது. செத்த மனிதரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"அவரு அப்பவே சொன்னாருங்க. நாக்கு பொய் சொல்லுதுன்னு சொன்னாரு. ஒருத்தரும் நம்பல."

"பில்டருக்குச் சொல்லித் தோண்டறதை இன்னிக்கே நிறுத்தறேன், மேலேயும் எழுதறேன். ஆனா பேட்டை மொத்தமும் மறுபடி அளக்க உத்தரவு வர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. உங்களுக்கு இப்ப என்னால செய்ய முடிஞ்சது ஒண்ணுதான். உரிமையாளர் கேட்டா மறுசோதனை உண்டு. ஒரே தடவை. இடத்தை நீங்கதான் காட்டணும், அதுல வர்றதுதான் கடைசி."

"எங்க வேணும்னாலும் காட்டலாங்களா?"

"எங்க வேணும்னாலும். கன்னி மூலையில ஆபீஸ் ரூம்னு சொன்னீங்களே, அங்கயே போட்டுடுவோம். நாளைக்குக் காலையில மெஷின் கொண்டுவர்றேன். மதியத்துக்குள்ள பச்சை, தகடும் இறங்கிடும். குளிர்கிடங்குக் கம்பெனிக்காரங்க இந்த வரிசையில இடம் தேடிட்டு இருக்காங்க, தெரியுமில்ல?"

மகிழினியின் ஸ்கூட்டர் போனதும் யுவராணி கேட்டுக்கு வந்தாள். முந்தானையால் தகட்டைத் துடைத்தாள். நாளை இறங்கப்போகிற தகட்டை எதற்குத் துடைக்கிறோம் என்று தோன்றவே இல்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். மேற்கே தரணிதரனின் கேட்டில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

அதை அவள் தினமும்தான் பார்க்கிறாள். இன்று பார்த்ததும் தரையில் மகிழினி போட்ட கட்டம் கண்முன் வந்தது. என் நாக்கு கிழக்கு மனையை ருசிக்கிறது. அப்படியானால் தரணியின் நாக்கு யார் மனையை ருசிக்கிறது?

கை முந்தானையிலேயே நின்றுவிட்டது.

மெதுவாகப் பின்பக்கம் நடந்தாள், இந்தமுறை வடமேற்கு மூலைக்கு. அங்கே சிமெண்டு மூடி போட்ட ஒரு குழி. மழைத்தண்ணீர்க் குழி என்று சபரிநாதன் சொல்லியிருந்தார். எவ்வளவு மழை பெய்தாலும் அது நிரம்பி வழிந்ததில்லை. கோடையில் அதிலிருந்து ஒரு வாளி எடுத்துச் செடிக்கு ஊற்றலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு மனிதர் சுள்ளென்று விழுந்தார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அன்றைக்கு வேலை சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். லாரி போயிற்று, அது உண்மை. லாரி வராத நாட்களும் இருந்தன, ஏற்றுமதிக் கப்பல் காத்திருந்த நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் தொட்டித் தண்ணீர் எங்கே போயிற்று என்று அவள் கேட்டதே இல்லை.

மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று நினைத்தாள். தேவைப்படவில்லை. பதில்தான் பக்கத்து கேட்டில் இத்தனை வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறதே!

சாயங்காலம் லாவண்யா கதவைத் திறந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பழக்கம் அப்படி. இவள் வாங்கமாட்டாள் என்ற நினைப்பில் சொம்பைத் திரும்ப எடுக்கவும் தயாராக நின்றாள்.

யுவராணி வாங்கிக் குடித்தாள். ஒரு வாய் அல்ல, முழுச் சொம்பையும். குடித்து முடிக்கும்வரை லாவண்யா அவள் முகத்தையே பார்த்தாள்.

"தெரிஞ்சு போச்சாட்ட இருக்குது" என்றார் உள்ளேயிருந்து தரணிதரன். வழுக்கைத் தலை, தோளில் துண்டு, கையில் பாதி உரித்த கடலை.

"உங்களுக்கு எப்பங்ணா தெரியும்?"

"ரொம்ப நாளாச்சு. அட்டைப்பொட்டி மடிக்கறவன் கேட்டுல எப்படிச் செவப்பு எரியும்னு ஒரு நா ரோசன பண்ணுனேன். பண்ணியிருக்கக் கூடாது. அப்பறம் தூக்கமே போச்சு."

"சொல்லியிருக்கலாமுங்களே. உங்க பேரும்தானே தகட்டுல தொங்குது."

"சொல்லலாம்னுதான் கெளம்புனேன் அம்மிணி. வாசல் வரைக்கும் வந்துட்டேன். உன்ற வாயு மூலை என்ற கேட்டுல எரியுதுன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? என்ற வாயு மூலை எங்க எரியுதுன்னு வரும். அது சரவணகுமாரு கேட்டுல எரியுது. நானும் விட்டவன்தான். செவப்புக்கு நான் தகுதியான ஆளுதான், வேற எடத்துல எரியுது, அவ்வளவுதான் வித்தியாசம். பேசாம திரும்பி வந்துட்டேன்."

லாவண்யாவுக்குப் பொறுக்கவில்லை. "இவரு வாயக் கட்டிப்போட்டுட்டாரு. நீ ஒவ்வொருக்காவும் தண்ணி வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு ராணி. ஆரு ஊட்டுத் தண்ணிய ஆரு வேண்டாங்கறதுன்னு."

யுவராணி தலை குனிந்தாள். குனிந்தபடியே கேட்டாள், "எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுங்களா?"

தரணி கடலைத் தோலை உள்ளங்கையில் வைத்து ஊதினார். "படுக்கைல விழறதுக்கு முன்னாடி ஒருக்கா வந்தாரு. வந்து, அந்த மூலச் சொவத்துப் பக்கம் நின்னுட்டு இருந்தாரு. இவ தண்ணி கொண்டுபோய்க் குடுத்தா. கையில வாங்குனாரு. சொம்பையே பாத்துட்டு நின்னாரு. குடிக்கல. கீழ வெச்சுட்டுப் போயிட்டாரு."

அந்த வீட்டில் தண்ணீர் வாங்காதே என்று அவர் சொன்னது அருவருப்பினால் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வாங்கிக் குடிக்கிற யோக்கியதை நமக்கு இல்லை என்பதை மனிதர் அப்படித்தான் சொல்லத் தெரிந்து சொல்லியிருக்கிறார். கோபம் வந்தது. இரக்கமும் வந்தது. எது அதிகம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு மறுசோதனைங்ணா. எடத்த நான்தான் காட்டோணும்."

"கன்னி மூலையக் காட்டிட்டுப் போ" என்றார் தரணி. "பச்சை ஆகட்டும். நல்ல வெலைக்குப் போகும். இருக்கறவியளாச்சும் நிம்மதியா இருக்கோணுமில்ல. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளை உறுத்தியது.

மறுநாள் மகிழினி சொன்ன நேரத்துக்கு மெஷினோடு வந்துவிட்டாள். ஆபீஸ் ரூம் இருந்த இடத்தில் ஆட்கள் மெஷினை இறக்கப் போனார்கள். யுவராணி குறுக்கே போய் நின்றாள்.

"அங்க வேண்டாம் கண்ணு. இப்படி வாங்க."

வடமேற்கு மூலைக்குக் கூட்டிப்போய்ச் சிமெண்டு மூடியைக் காட்டினாள். மகிழினி மூடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சுவரில் எக்கி அந்தப் பக்கம் தரணியின் நாக்கு இருந்த இடத்தைப் பார்த்தாள். படித்த பெண், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் நேத்து இதை யோசிக்கல. வேணாம்மா. ஒரே சோதனைதான். இங்க ஊத்துக்கண் கிடைச்சா உங்க சிவப்பு நிரந்தரமாயிடும். இந்தக் கசிவு தொட்ட பக்கத்து விளக்கைத்தான் மெஷின் அணைக்கும், உங்களோடதை இல்ல."

"அது போதுமுங்க."

"உங்க வீட்டுக்காரர் பேரு..."

"அவரு பேருதானுங்க. அவரு எடத்துலயே இருக்கட்டும்."

மெஷின் இறங்கியது. கத்திரிப்பூ நிறத்தில் சேறு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. பார்த்துக்கொண்டே நின்ற யுவராணிக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் அவர் சொன்னதைக் காப்பாற்றிக் காப்பாற்றிக் களைத்துப்போயிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மகிழினி கையிலிருந்த கருவியில் எதையோ அழுத்தினாள். கேட்டில் யுவராணியின் விளக்கு அப்படியேதான் எரிந்தது. நேற்றைய அதே சிவப்பு, இன்று சொந்தச் சிவப்பு. தரணிதரனின் கேட்டில் விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது.

தரணி வாசலில் நின்று அணைந்த விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். லாவண்யா கேட்டைப் பிடித்தபடி நின்றாள். வந்த ஒரு கார் வேகம் குறைத்தது, விளக்கில்லாத கேட்டைப் பார்த்துக் குழம்பிப்போய் நின்றேவிட்டது. உள்ளேயிருந்தவர் கண்ணாடியை இறக்கி, "இது விற்பனைக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் தரணி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே மகிழினியிடம் வந்தார். "ஏனுங்க ஆபீசரம்மா, கேட்டா எனக்கும் ஒருக்கா மறுசோதனை உண்டுங்களா? மெஷின் வந்தது வந்திருச்சு. என்ற வாயு மூலையையும் பாத்துட்டுப் போயிருங்க."

லாவண்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு புருஷனைப் பார்த்துவிட்டுக் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டாள், மெஷின் உள்ளே போக வேண்டுமே.

அவர் விளக்கு அணைந்திருந்தது அவ்வளவு நேரம்தான். மெஷின் மேலே வந்ததும் மறுபடி சிவந்தது. காரில் வந்தவர் டிரைவர் தோளைத் தட்டினார்.

கடைசி மனையின் டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து சரவணகுமாரின் தலை எட்டிப் பார்த்தது. கேட்டுக்கு ஓடிவந்து விளக்கைத் தட்டினான், வயரை ஆட்டினான், ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் நின்றிருந்த யுவராணியைப் பார்த்துக் கத்தினான்.

"ஏனுங்கக்கா, அங்க கரண்டு இருக்குதுங்களா? எனக்கு லைட்டு போயிருச்சு!"

"கரண்டெல்லாம் இருக்குது தம்பி" என்றாள் யுவராணி, அவன் கேட்டை நோக்கி நடந்துகொண்டே. "நான் வர்றேன், இரு. குடிக்க ஒரு சொம்பு தண்ணி எடுத்து வை."